பொட்டு வைத்த துப்பாக்கி

அந்தத் துப்பாக்கியை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மந்தைவெளி வீட்டு பால்கனியில் பிரிக்க உட்கார்ந்தேன். செய்தித்தாளை நான்கு தாள் விரித்து, கழற்றும் வரிசையில் பாகங்களை வைக்க ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் எழுதியிருந்தேன். துணியை அவிழ்த்ததுமே காறிய எண்ணெய் நாற்றம் அடித்தது.

மயிலாப்பூர் சபாக்களில் நாடகம் போடும் ஒரு சின்னக் குழுவுக்கு, அலுவலக நேரம் போக, மேடைப் பொருள்கள் செய்து தருவது என் வழக்கம். புது நாடகத்தில் ஒரு கப்பல் முதலாளி தன் தம்பி மனைவியை ஈட்டித் துப்பாக்கி காட்டி மிரட்டுவார். கடலுக்குள் மூழ்கி மீன் பிடிப்பவர்கள் வைத்திருப்பது அது. வெடிமருந்து கிடையாது, பம்பால் உள்ளே அடைத்த காற்றுதான் ஈட்டியைத் தள்ளும். அட்டையில் செய்து தருகிறேன் என்றேன். இயக்குநர் ஒப்புக்கொள்ளவில்லை. எழுபது வயதுக்காரர், குழுவில் எல்லோருக்கும் மாமா. கப்பலில் இன்ஜினியராக இருந்த அவருடைய அத்திம்பேர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அசல் துப்பாக்கி பரணில் கிடந்தது. ஈட்டிதான் இல்லை.

"அத்திம்பேர் போயே ஒம்பது வருஷம் ஆச்சு. காத்தெல்லாம் அவரோடயே போயிருக்கும். வெறும் குழாய்டா," என்றார்.

ஆழ்வார்பேட்டையில் ஒத்திகை நடக்கும் மாடி அறையில், பம்ப் மாட்டும் பின்பக்கத்து வால்வு துளைக்குள் ஊசியை விட்டு அழுத்தினேன். காற்று சீறும் சத்தமே இல்லை. விசையை இழுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. அன்றைய டைரியில் "துப்பாக்கி சோதித்தாயிற்று. காற்று இல்லை" என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். அதன்பின் மூன்று வாரம், அந்தக் குழாயின் வாய் ஒரு பெண்ணின் நெஞ்சுக்கு நேராக ஒரு முழத் தூரத்தில் நின்றது. தம்பி மனைவியாக நடித்த அவர் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவர்.

மூன்றாவது வாரம் மாமா, ஈட்டிக்குப் பதிலாக ஜன்னல் திரை மாட்டும் அலுமினியக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்தார். குழாயின் வாயில் செருகியதும் அது இரண்டு அங்குலம் போய் நின்றுவிட்டது.

"துரு பிடிச்சுண்டிருக்கு. நன்னா அழுத்தித் தள்ளு," என்றார், முதலாளியாக நடித்தவரிடம். அவர் துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, கம்பியின் மேல் உடம்பைச் சாய்த்தார். நான் தடுத்தேன். கம்பி வளைந்துவிடுமே என்பதற்காகத் தடுத்தேன், வேறு எதற்காகவும் இல்லை. துருவை எடுத்து, பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பால்கனி வெளிச்சத்தில்தான் அதன் பின்பக்கத்தை ஒழுங்காகப் பார்த்தேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மாமா கத்தரிக்கோல், ஸ்க்ரூடிரைவர், அரிவாள்மணையோடு இதையும் இறக்கி வைத்து, நல்லெண்ணெய் தடவிப் பொட்டு இட்டிருக்கிறார். வால்வை மூடும் திருகு என்றோ தொலைந்திருக்கிறது. வட்டமான அந்தத் துளை பொட்டு வைக்க வாகாக இருந்திருக்கிறது. துளைக்குள் சந்தனம், அதன்மேல் குங்குமம், மறு வருடம் அதன்மேல் மறுபடியும். காறிப்போன எண்ணெயில் ஊறி, தலைமுடியும் கரப்பான் முட்டையும் ஒட்டிய ஒரு கெட்டி அடை. பேனாக்கத்தியால் சுரண்டச் சுரண்ட மஞ்சள், சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று பொருக்காக வந்தது. நாற்றம் விரல் நுனியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஐந்தாவது பொருக்கில் கை நின்றது. அன்று என் ஊசி வால்வைத் தொடவே இல்லை. சந்தனத்தில் குத்திவிட்டு, காற்று இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

ஒட்டடைக் கம்பின் கைப்பிடியை முன்வாயில் செருகி மெல்ல அழுத்தினேன். கொஞ்சம் உள்ளே போயிற்று. பிடியைத் தளர்த்தியதும் கம்பு என் உள்ளங்கையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. துரு திருப்பித் தள்ளாது. ஈட்டியை உள்ளே அழுத்திப் பூட்டிய பிறகுதான் விசை வேலை செய்யும். முதலாளியாக நடித்தவர் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தால் கம்பி உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டிருக்கும். அடுத்த காட்சியில் அவர் விசையை இழுத்திருப்பார். நாடகத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

மீதிச் சந்தனத்தை வெந்நீர் விட்டுக் கரைத்து எடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, துப்பாக்கியைப் பழைய துண்டில் சுற்றி, மெல்லிய ஆணியால் வால்வை அழுத்தினேன். சீறிக்கொண்டு வந்தது. கூடவே கறுப்பு எண்ணெய் நுரைநுரையாகத் துண்டையும் தாண்டிச் சட்டையிலும் கழுத்திலும் தெறித்தது. அடங்குவதற்குள் நாற்பது வரை எண்ணிவிட்டேன். பிறகுதான் முன்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பிஸ்டனை உருவி எடுத்து, இனி காற்று நிற்காதபடி குழாயில் இரண்டு துளை போட்டேன். இரண்டு முறை குளித்தும் மத்தியானம் ரசம் சாதம் இறங்கவில்லை.

மாமாவுக்கு போன் செய்தேன். முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"பாத்தியா, சந்தனம் வெச்சது வீண் போகலை. பகவான்தான் காப்பாத்தினார்."

"சந்தனம்தான் மாமா வால்வையே அடைச்சுது."

"அதனாலதானே காத்து வெளில வரலை?"

அதே மூச்சில் அடுத்ததையும் அவரே சொன்னார்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிண்டிருக்காதே. பயந்துப்பா. நாடகத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. ஒண்ணும் ஆகலையோன்னோ?"

மறுநாள் ஒத்திகையில், எல்லோர் முன்னாலும், தம்பி மனைவியாக நடித்தவரிடம் சொன்னேன். நிதானமாகக் கேட்டார்.

"மூணு வாரமாவா சார்?"

"ஆமாம்."

"நீங்கதானே செக் பண்ணீங்க?"

"நான்தான். சரியாப் பாக்கலை."

துப்பாக்கியை வாங்கி, ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, நான் போட்ட துளைகள் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது. பிறகு, "மாமா, நீங்க கொஞ்சம் என் எடத்துல நில்லுங்க," என்றார்.

"நான் எதுக்கும்மா?" என்று சிரித்தபடியே மாமா போய் நின்றார். குழாய் அவர் நெஞ்சுக்கு நேராக உயர்ந்ததும் ஓரடி இடதுபக்கம் நகர்ந்தார்.

"ஏன் மாமா நகர்றீங்க? வெறும் குழாய்னுதானே சொன்னீங்க."

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். துப்பாக்கி என் பக்கம் திரும்பியது. பிஸ்டன் என் அலமாரியில் காகிதத்தில் சுற்றிக் கிடந்தது. துளை போட்டவன் நானேதான். இருந்தும் கையிலிருந்த டைரியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அவர் முதலாளியின் வசனத்தை ஒரு வரி விடாமல், கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்து விசையை இழுத்தார். டக் என்றது.

துப்பாக்கியை நாற்காலியில் வைத்துவிட்டு, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். குழாய் தரையைப் பார்த்து இருந்தால் நடிப்பதாகவும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படியும் மாமாவிடம் சொன்னார்.

மாமா என்னைப் பார்த்தார். இதற்குப் பிறகும் நான் அவர் பக்கம் பேசுவேன் என்று நினைத்திருக்கிறார்.