கோலத்துக்குப் போன பூக்கள்

பீற்றிக்கொள்வதில் அந்த வயதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கல்யாணமாகி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. கொல்லையில் போட்ட பறங்கி விதை சில நாளிலேயே மண்ணைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. இந்த ஊர் மழைக்கும் வெயிலுக்கும் கொடி போன வேகத்தைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பொதுக் குழாயடியில் நின்று, "இந்தப் பொங்கலுக்குப் பறங்கிக்காய்க் கூட்டு எங்க வீட்டுலதான். என் கொடியில காய்ச்ச காய். எல்லாரும் வந்துடுங்க" என்று எங்கள் வரிசையில் இருந்த ஆறு வீட்டுக்கும் அழைப்பு வைத்துவிட்டேன். அப்போது கொடியில் ஒரு மொட்டுகூட இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். அவர் மெதடிஸ்ட் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தார்கள். "முதல்ல காய்க்கட்டும் தங்கச்சி, அப்புறம் கூப்பிடு" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

மார்கழி பிறந்தபோது கொடி முழுக்கப் பூ. விடிவதற்கு முன்பே வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பால்காரர் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாணியை உருட்டி வைத்து, அதில் பறங்கிப் பூவைச் செருகுவேன். பூவில் இரண்டு வகை இருந்தது. ஒன்று நீளக் காம்பில் நிமிர்ந்து நிற்கும். இன்னொன்றுக்கு இதழுக்கு அடியிலேயே கோலிக்குண்டு போல ஒரு பச்சைப் பிஞ்சு. பிஞ்சு இருக்கும் பூவைத் தொடுவேனா, நான் என்ன முட்டாளா? நீளக் காம்புப் பூவாகப் பார்த்து, ஒன்று விடாமல் பறித்தேன். அந்த வரிசையிலேயே என் வாசல்தான் மஞ்சளாக இருந்தது. அதையும் குழாயடியில் சொல்லிக்கொண்டேன்.

பிஞ்சுகள் நாலு நாளில் வெளிறி, சுருங்கி, கையை வைத்ததும் விழுந்தன. சாம்பல் போட்டேன். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினேன். அடுத்து வந்த பிஞ்சுகளும் விழுந்தன. இது கண்ணேறு, வேறொன்றும் இல்லை என்று முடிவு கட்டினேன். யார் கண்? சிரித்தவர் கண்தான். உடைந்த சட்டி ஒன்றில் சுண்ணாம்பால் முழியும் பல்லும் வரைந்து, அக்கா வீட்டைப் பார்க்கும்படி பலகை வேலியில் மாட்டினேன். அவரோடு பேசுவதையும் நிறுத்திவிட்டேன்.

என் கொல்லையில் மத்தியானத்துக்கு மேல் பெரிய மரத்தின் நிழல் விழும். அதனால் கொடியின் ஒரு கிளை வெளிச்சத்தைத் தேடி, பலகைச் சந்து வழியாக அக்கா பக்கம் போய்விட்டது. தண்ணீர் ஊற்றுவது நான், படர்வது அங்கேயா? இழுத்துப் பார்த்தேன். பற்றுக்கம்பிகள் வேலி ஆணிகளைச் சுற்றி இறுகிப் பிடித்திருந்தன. அறுந்துவிடுமே என்று விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. கொடியில் இலையைத் தவிர ஒன்றும் இல்லை. "பாசார்ல ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்குத் தெரியுமே" என்று அவர்மேல் பாய்ந்தேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. ஆறு வீட்டு வாசலிலும் நின்று, காய் இல்லை என்று சொல்லியாக வேண்டும்.

மறுநாள் காலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது. "தங்கச்சி, கோவத்தை அப்புறம் வச்சிக்கலாம். இங்க வந்து பாரு."

போனேன். பெரிய இலைகளுக்கு அடியில், ஈரம் படாமல் பலகைத் துண்டின் மேல், சோற்றுப் பானை அளவுக்கு ஒரு காய் உட்கார்ந்திருந்தது. பச்சையில் மஞ்சள் வரி ஓடத் தொடங்கியிருந்தது.

அக்கா ஒரு நீளக் காம்புப் பூவைப் பறித்து இதழை உரித்தார். நடுவில் இருந்த தண்டைத் தொட்டதும் விரலில் மஞ்சள் தூள் ஒட்டியது. "இது ஆம்பளப் பூ. காலையில வண்டு இதுல புரண்டுட்டு, பிஞ்சு இருக்கிற பூவுக்குள்ள போவணும். அப்பதான் காய் நிக்கும். இந்தப் பக்கம் பூத்ததுல நான் ஒண்ணையும் பறிக்கல."

"அப்போ நான் பறிச்சதெல்லாம்?"

"எல்லாம் மாப்பிள்ளைங்க! விடியறதுக்குள்ள அத்தன பேரையும் சாணியில குத்தி வச்சிட்டா, பொண்ணுங்க என்னதான் செய்யும்?"

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"எங்க சொல்றது? நீ மூஞ்சிய திருப்பிக்கிட்டுப் போற. உன் சட்டி என்னைப் பாத்துப் பல்லைக் காட்டுது."

வெட்கம் பிடுங்கித் தின்றது. முதல் வேலையாக அந்தச் சட்டியைக் கழற்றினேன். எந்தக் கண் படக் கூடாது என்று அதை மாட்டினேனோ, அந்தக் கண் பார்த்துப் பார்த்து வளர்த்த காய் அது.

பொங்கலன்று ஆறு வீட்டாரும் வந்தார்கள். முற்றாத காய்தான், ஆனாலும் கூட்டு மணத்தது. "சொன்ன மாதிரியே காய்க்க வச்சிட்டியேம்மா!" என்றார் ஒருவர். "நான் வளத்தது இலையை மட்டும்தாண்ணே. காய் அக்காவோடது" என்றேன். இலையில் கை வைத்தபடியே அக்கா சிரித்தார். குழாயடியில் சிரித்த அதே சிரிப்பு. அன்றைக்கு அது எனக்குப் பிடித்திருந்தது.