அக்காவின் தட்டு

என் அக்கா தொட்டதெல்லாம் துலங்கும். ரோஜாக் குச்சியை ஒடித்து நட்டால் அவளுக்குப் பூக்கும், எனக்குக் காயும். ஆண்டர்சன்பேட்டையில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு இதைத் தினமும் பார்த்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

போன வருஷம் வீட்டிலேயே பட்டுப்பூச்சி வளர்க்கலாம் என்று அதன் முட்டைகள் ஒட்டிய தாள் ஒன்றை வாங்கி வந்தாள். கத்தரியால் சரிபாதியாக வெட்டி எனக்கும் கொடுத்தாள். ஒரே தாள், ஒரே தோட்டத்து மல்பெரி இலை. இந்த ஒன்றிலாவது அவளை ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு வெறி. ஷிப்ட் பார்ப்பதுபோல் அலாரம் வைத்து இலை நறுக்கிப் போட்டேன்.

மூன்றாம் வாரம் ஒரு காலையில் என் புழுக்கள் தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடந்தன. இலையைத் தொடவில்லை. அக்கா வீட்டில் எட்டிப் பார்த்தால் அவளுடையவை சரசரவென்று தின்றுகொண்டிருந்தன. என்னுடையவை சாகப்போகின்றன என்றே முடிவு கட்டினேன்.

அன்று அவளுக்குக் கோலாரில் வேலை. "இந்தாடி சாவி. மத்தியானம் ஒருவாட்டி எலை போட்டுடு" என்று என்னை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் தெரு முனை தாண்டியதும் தட்டுகளை மாற்றி வைத்தேன். வெட்கமே இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வந்தவள் தட்டைப் பார்த்து நின்றாள்.

"இன்னாடி இது?"

"எலை போட்டேங்க்கா, துண்ணல."

"தூங்குதுடி. தோலுரிக்க முன்னாடி ஒரு நாள் இப்படித்தான் கெடக்கும். ஆனா என்னுது நேத்தே எழுந்துகிச்சே" என்று என் முகத்தைப் பார்த்தாள்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போன என் புழுக்கள் எழுந்து தின்ன ஆரம்பித்தன. நானோ என்னிடம் வந்த அவள் புழுக்களை இன்னும் கொழுக்க வைக்கும் அவசரத்தில், இலையைக் கழுவி ஈரத்தோடு அள்ளி அள்ளிப் போட்டேன். நாலே நாளில் என் தட்டு நாறியது. எல்லாம் கறுத்துச் செத்துப்போயின.

அவள் தட்டில் மஞ்சள் மஞ்சளாகக் கூடுகள். ஒரு வாரம் கழித்து, ஒரு கூடையில் பாதியை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள்.

"உன் புழுவை நல்லாத்தான் பாத்துகினேன்டி. இந்தா, பூச்சி வெளிய வந்ததும் பசங்களுக்குக் காட்டு."

வாங்கிக்கொண்டேன். திட்டியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். பெருந்தன்மையிலும் அவளே ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.