இருபது அடி

"ஆரின் வாங்கின அதே காசுதானே இது? கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அப்புறம் லாபம் எங்கேர்ந்து வந்துச்சு?"

பள்ளிப் பேருந்தை ஓட்டிக்கொண்டே மார்லிஸ் ஹேக்பர்க் இதைக் கேட்டார். மடியில் வரித்துறைக் கடிதம் இருந்தது. பேருந்தில் பிள்ளைகள் பதினான்கு பேர் இருந்தோம். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும்தான்.

மார்லிஸின் கணவர் ஆரின் உருளைக்கிழங்குக் கிடங்கில் வேலை பார்த்தவர். டாலர் நோட்டை அவர் நம்பியதில்லை. முப்பது வருடம், சம்பள நாள்தோறும் ஓர் அவுன்ஸ் வெள்ளிக் காசு வாங்கிக் காப்பித்தூள் டப்பாக்களில் போட்டு வைத்தார். ஐந்து டாலர், ஆறு டாலருக்கு வாங்கிய காசுகள் அவை. கூரை ஒழுகியபோது மார்லிஸ் ஒரு டப்பாவை விற்றார். ஒரு காசுக்கு முப்பது டாலர் கிடைத்தது. கூரை போடும் கூலியும் அதற்குள் ஐந்து மடங்காகியிருந்தது. ஆரின் அந்தக் காசை வாங்கிய நாளில் அதைக் கொண்டு எவ்வளவு கூரை போட்டிருக்கலாமோ, அவ்வளவுதான் இப்போதும் போட முடிந்தது. ஆனால் மாநில அரசு இடையிலிருந்த இருபத்தைந்து டாலரை லாபம் என்று சொல்லி வரி கேட்டது.

மார்லிஸ் வரியைக் கட்டினார். கட்டிவிட்டு, தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் க்ளேட்டன் ப்ரூனலின் டிராக்டர் கடைக்கே போனார். தங்க, வெள்ளிக் காசுகளை விற்றால் மாநில வருமான வரி கிடையாது என்று ப்ரூனல் ஒரு மசோதா எழுதினார். ஒரு பக்கம்கூட இல்லை. எங்கள் மாநிலத்தில் சட்டமன்றக் குழுவின் தலைவர் ஒரு மசோதாவைத் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிக்கொள்ளலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஐந்து குளிர்காலம் அந்த மசோதா அங்கேயே கிடந்தது.

ஆறாவது வருடம் ஆகஸ்டில் ஹேக்பர்க் வீட்டுக் கிணறு வற்றியது. கீழ்ப்பக்கத்துப் பெரிய பண்ணைகள் ஆழமாகத் துளை போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தன. ஆழ்துளை போடும் எச்சவரியா வந்து பார்த்தார்.

"அடிக்கு அம்பது டாலர். தண்ணி வந்தாலும் அம்பது, வராட்டியும் அம்பது."

"எவ்வளவு ஆழம் போகணும்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இந்தப் பழைய லாரிய ஓட்டிக்கிட்டிருக்கேன்? நானூறு அடின்னு வச்சுக்குங்க. வேணும்னா அக்டோபர்லயே போட்டுடலாம்."

டப்பாக்களில் அறுநூற்றெண்பது காசுகள் மிச்சமிருந்தன. விற்றால் இருபதாயிரத்துச் சொச்சம் வரும். மத்திய அரசுக்குப் போவதை யாராலும் தடுக்க முடியாது. அதற்கென்று மார்லிஸ் சம்பளத்தில் தனியாகச் சேர்த்து வைத்திருந்தார். மாநிலத்துக்குப் போகிற ஆயிரம் டாலர்தான் உறுத்தியது. ஆயிரம் டாலர் என்றால் இருபது அடி. குளிர்காலத்தில் மசோதாவை நிச்சயம் விசாரணைக்கு எடுப்பார்கள் என்று ப்ரூனல் சொல்லியிருந்தார். சட்டம் வந்த பிறகு விற்கலாம் என்று மார்லிஸ் எச்சவரியாவை வசந்தத்துக்கு வரச் சொன்னார்.

"நீ சட்டத்துக்குக் காத்திரு. அதுக்குள்ள நான் வத்திடுவேன்," என்றார் ஆரின். அவர் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருந்தது.

"பேசாம இருங்க. காத்து வீணாகுது."

அந்தக் குளிர்காலம் முழுக்க மார்லிஸ் நகரத் தீயணைப்பு நிலையத்தில் தண்ணீர் பிடித்து, பிக்அப் வண்டியில் தொட்டி கட்டி, பதினெட்டு மைல் கொண்டுவந்தார். வழியிலேயே குழாய் உறைந்துபோகும். வெந்நீர் ஊற்றி இளக்க வேண்டும். அந்த வெந்நீருக்கும் அதே தொட்டிதான்.

பிப்ரவரியில் விசாரணைக்கு அழைப்பு வந்தது. மாற்று ஓட்டுநரை ஏற்பாடு செய்துவிட்டு மார்லிஸ் நான்கு மணி நேரம் பனியில் ஓட்டிப் போனார். பேசுவதற்கு ஆளுக்கு இரண்டு நிமிடம். "தலைவர் அவர்களே, குழு உறுப்பினர்களே" என்று ஆரம்பிக்காவிட்டால் நிறுத்திவிடுவார்கள். அந்த மரியாதைக்கே ஏழு நொடி போய்விடும் என்று வீட்டில் கடிகாரம் வைத்துப் பார்த்திருந்தார்.

நடைவழியில் ப்ரூனல் ஓடிவந்தார்.

"மார்லிஸ், நல்ல சேதி. ஓட்டு கெடைச்சாச்சு. ஒரே ஒரு திருத்தம்தான்."

"என்ன திருத்தம்?"

"ஜூலை ஒண்ணாம் தேதிக்கு அப்புறம் வாங்குற காசுக்கு மட்டும்தான் சலுகை. பழைய காசையும் சேர்த்தா அரசுக்கு இத்தனை லட்சம் நஷ்டம்னு கணக்குத் தாள் சொல்லுது. இப்படி எழுதினா நஷ்டம் சைபர். சைபர்னு பார்த்தா எல்லாரும் கையத் தூக்கிடுவாங்க."

"க்ளேட்டன், என் காசு எல்லாம் டப்பால இருக்கு. முப்பது வருஷமா இருக்கு."

"அடுத்த வருஷம் அதையும் சேர்த்துடலாம். முதல்ல கதவு தெறக்கட்டும். நீங்க இப்ப எதிர்த்துப் பேசினீங்கன்னா, கொண்டுவந்தவங்களே வேணாங்குறாங்கன்னு மறுபடி இழுப்பறைக்குப் போயிடும்."

மார்லிஸ் பெயர் கொடுக்கப் போனார். பெயர் எழுதும் தாளில் 'ஆதரவு', 'எதிர்ப்பு' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. பேனாவை வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

"மிசஸ் ஹேக்பர்க்," என்று கூப்பிட்டார்கள்.

"தலைவர் அவர்களே, குழு உறுப்பினர்களே," என்றார் மார்லிஸ். கூரையைப் பற்றி எழுதி வந்த தாள் கையில் இருந்தது. அதைப் படிக்கவில்லை. "நான் இந்த மசோதாவை ஆதரிக்கிறேன்." உட்கார்ந்துவிட்டார்.

"இந்த அறையில நேரத்தை மிச்சம் பிடிச்ச முதல் ஆள் நீங்கதான்!" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. ஏப்ரலில் ஆளுநர் கையெழுத்துப் போட்டபோது மார்லிஸையும் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

விசாரணை முடிந்து வீடு திரும்பிய அன்று ஆரின் கேட்டார்.

"நம்ம காசுக்குக் கெடைச்சுதா?"

"இல்ல. இனிமே எவனோ வாங்கப்போற காசுக்கு."

"அதுக்கு நீ ஆதரவா?"

"ஆறு வருஷம் தூக்கிச் சுமந்தேன் ஆரின். நானே எப்படிக் கழுத்த நெரிப்பேன்?"

ஆரின் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலானது. மார்லிஸ் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

மே மாதம் காசுகளை விற்றார்கள். வரிக்கு ஆயிரத்தை எடுத்து வைத்தார்கள். எச்சவரியா மூன்று நாள் துளைத்தார். முந்நூற்றெண்பத்தெட்டாவது அடியில் பணம் தீர்ந்தது. மேலே வந்ததெல்லாம் சாம்பல் நிறத் தூள்.

"இன்னும் கொஞ்சம் போனா ஒருவேளை கெடைக்கலாம்," என்றார் எச்சவரியா. "கெடைக்காமலும் போகலாம். கடனுக்கு என்னால ஓட்ட முடியாதும்மா, டீசல்காரன் எனக்குக் கடன் தரமாட்டான்."

அந்த இருபது அடியில் தண்ணீர் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. துளையின் மேல் இரும்பு மூடி வைத்துப் பற்றவைத்துவிட்டுப் போனார்.

தண்ணீர் இல்லாத வீட்டை யாரும் வாங்கவில்லை. செப்டம்பரில் அதைப் பூட்டிவிட்டு இருவரும் நகரத்தில் ஒரு டிரெய்லர் வீட்டுக்கு வாடகைக்குப் போனார்கள். ஜனவரியில் மார்லிஸ் ப்ரூனலுக்குத் தொலைபேசியில் பேசினார். பழைய காசையும் சேர்ப்பது என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"வெள்ளி விஷயம்தான் போன வருஷமே முடிஞ்சுபோச்சேன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க மார்லிஸ். மறுபடி எடுத்தா யாரும் காது குடுக்க மாட்டாங்க."

மார்லிஸ் இன்னும் பேருந்து ஓட்டுகிறார். இப்போது அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்பதில்லை.

உங்கள் ஊரிலும் சட்டம் எழுதுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், அல்லது அவரைத் தெரிந்த ஒருவரையாவது தெரிந்திருக்கலாம். மார்லிஸ் ஹேக்பர்க்குக்கு நடந்ததை அவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் வேறு ஒருவரிடம் சொல்லுங்கள்.