கிரில் கதவை இழுக்கும் கை

லிஃப்ட் மெக்கானிக் என்றால் அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான். எந்த லிஃப்டும் அவளிடம் இரண்டு நாளுக்கு மேல் வாலாட்டியதில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தால், "என் வேகத்துக்கு ஒருத்தன் ஈடு குடுக்கட்டும், பார்க்கலாம்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு பழைய ஐந்து மாடிக் கட்டடத்தின் கிரில் கதவு லிஃப்ட் மட்டும் இருபது நாளாக முடிந்தபாடில்லை.

"ஒரு லிஃப்டுக்கு இருபது நாளா? அதுக்குத் தினம் பவுடர் வேறயா?" என்றாள் அவளுடைய அக்கா.

உண்மையில் முதல் நாளே அது சரியாகிவிட்டது. ஓட்டிப் பார்க்கலாமென்று உள்ளே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஐந்தாம் மாடிக்குப் போனாள். கதவுக்கு வெளியே, தேய்த்த காக்கிச் சட்டையும் தொப்பியுமாக ஒருவன் நின்றான்.

"அது என் ஸ்டூலுங்க."

அவனுக்குப் பின்னால் சுவரில் நாற்பது வருடத்துக்கு முந்தைய காலண்டர். தாள் மட்டும் புத்தம் புதுசு.

அவன் அந்தக் காலத்து லிஃப்ட் ஆபரேட்டர். தரைத்தளம் அவள் காலம், ஐந்தாம் மாடி அவன் காலம். தினமும் மதியம் இருவரும் மேலும் கீழும் போய்வந்தார்கள். அவன் சிரித்தால் ஸ்பானரை எங்கே வைத்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோகும். ஆசையென்றால் அப்படியொரு ஆசை.

இருபத்தோராம் நாள் கட்டட முதலாளி சொல்லிவிட்டார், மறுநாள் காலையில் லிஃப்டைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டப்போவதாக. கழற்றிவிட்டால் அவனை இந்த ஜன்மத்தில் பார்க்க முடியாது. நேரே மேலே போனாள்.

"என்னோட வந்துடுங்க."

"எனக்கு இங்க யாரு இருக்கா? வர்றேன்."

தரைத்தளம் வந்தது. "நீங்க முதல்ல இறங்குங்க" என்றான். இறங்கினாள். பதினோரு வருடப் பழக்கம், பயணி இறங்கியதும் அவன் கை தானாகக் கிரில்லை இழுத்து மூடியது. மூடினால் போதும், லிஃப்ட் அவனைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடிவிடும். ஓடிவிட்டது.

காலி லிஃப்டை வரவழைத்து மறுபடி போனாள். மறுபடியும் அதே கூத்து. மூன்றாம் தடவை கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னாள். கட்டிய கை அவிழ்ந்து போய் மூடியது.

"அப்போ நீங்க முதல்ல இறங்கித் தொலைங்களேன்!" என்று மேலே போய்க் கத்தினாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"பயணி உள்ள இருக்கும்போது ஆபரேட்டர் இறங்குறதா? சத்தியமா கால் வராதுங்க."

அழுதுகொண்டே நிற்கிற ரகமா அவள்? கண்ணைத் துடைத்தாள். ஸ்டூலில் சட்டமாக உட்கார்ந்தாள். அவன் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"எந்த மாடிங்க சார்?"

அவன் திருதிருவென்று விழித்தான். அவனை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "தரை... தரைத்தளம்" என்றான்.

கீழே வந்ததும் அவளே கதவைத் திறந்தாள். "பார்த்து இறங்குங்க சார்."

பயணியாகிவிட்டவனுக்கு வேறு வழி? இறங்கினான். இறங்கியவன் திரும்பினான். பாழாய்ப்போன அந்தக் கை மறுபடி கிரில்லுக்கு நீண்டது. அவளோ இன்னும் உள்ளே! பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தபடி வெளியே குதித்தாள்.

"இனிமே இந்தக் கை என்கிட்டதான் இருக்கும்."

"சரிங்க."

கல்யாணமாகி ஆறு வருடமாகிறது. இப்போது இருவரும் சேர்ந்துதான் வேலைக்குப் போகிறார்கள். எந்த லிஃப்டிலும் எல்லோரும் இறங்கட்டும் என்று அவன் கடைசியில் நிற்பான். அவள் வெளியே நின்று கையை நீட்டுவாள்.