எட்டாம் நம்பர் பூட்ஸ்

என் சிறுவயதில் ஆம்பூரில் ஐஸ் என்பது சர்பத் கடையில் மரத்தூளுக்குள் புதைந்து கிடக்கும். மீன்காரரின் பெட்டியில் ஒழுகும். வசதியான வீட்டுச் சாவு என்றால் பிணத்தைச் சுற்றி அடுக்கியிருப்பார்கள். வேறு ஐஸ் பார்த்திராத அந்த ஊருக்கு, பனித்தரையில் சறுக்கிக்கொண்டே ஆடும் ஐஸ் ஆக்கிக்கு ஓர் அணி வாய்த்தது. மழைக்காலத்தில் பிறந்து பொங்கலுக்குள் முடிந்தும் போனது. அதன் கோல் கீப்பர் என் அப்பா.

அப்பாவும் அம்மாவும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அப்பா தோல் வெட்டும் கட்டிங்கில் தினக்கூலி. அம்மா தையல் மிஷினில். அம்மா பர்மனென்ட், அப்பா இல்லை. இந்த வித்தியாசத்தை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் சம்பள நாளன்று மட்டும் அப்பாவுக்குக் குழம்பில் உப்பு ஜாஸ்தியாக இருக்கும்.

குளிர் தேசத்திலிருந்து ஒரு பையர், அதாவது மொத்தமாகச் செருப்பும் பூட்ஸும் வாங்குகிற வெள்ளைக்காரர், ஐஸ் ஆக்கி பூட்ஸ் செய்து தர முடியுமா என்று கம்பெனியைக் கேட்டார். முடியும் என்றார் எங்கள் மேனேஜர். முடியாது என்று அவர் பையரிடம் சொல்லி யாரும் கேட்டதில்லை. இந்த விளையாட்டைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று பையர் அடுத்துக் கேட்க, எங்கள் கம்பெனிக்கே ஓர் அணி இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பொங்கலுக்கு முன்னால் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் பையர் விமானம் ஏறினார். மேனேஜர் அணி தேட ஆரம்பித்தார்.

அணியைத் தேர்ந்தெடுத்த விதம்தான் எங்கள் ஊருக்கே உரியது. வேறு ஊரில் என்றால் ஓடச் சொல்லியிருப்பார்கள், பந்தைத் தட்டச் சொல்லியிருப்பார்கள். இங்கே பூட்ஸை நீட்டினார்கள். ஷூ கம்பெனியில் சாம்பிளை எல்லா அளவிலும் செய்வதில்லை. ஆண்கள் சாம்பிள் என்றால் எட்டாம் நம்பர் மட்டும்தான். உலகத்து ஆண்களெல்லாம் எட்டாம் நம்பர் காலோடு பிறந்தவர்கள் என்று ஓர் ஏற்பாடு. ஆகவே ஷிப்ட் முடிந்ததும் ஆட்களை வரிசையாக நிறுத்தினார்கள். எவன் காலுக்கு எட்டு பொருந்தியதோ அவன் விளையாட்டு வீரன். வீரர்கள் எல்லோரையும் பர்மனென்ட் ஆக்குவதாக மேனேஜர் அறிவித்தார்.

அப்பாவின் கால் ஏழு.

எட்டு சரியாகப் பொருந்துகிறது என்று சொல்லிப் பூட்ஸை வீட்டுக்கு வாங்கி வந்துவிட்டார். கட்டிங்கில் வீணாகும் ஃபோம் துண்டுகளை அப்பா சட்டைக்குள் வைத்து எடுத்துவந்து, கால் அளவுக்கு வெட்டி, பூட்ஸுக்குள் திணித்துப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா அடுப்படியிலிருந்தே பேசினாள்.

“ஏங்க, அந்தப் பூட்ஸுக்கு மேல்தோல் தைக்கிறவ நானு. கணுக்கால இறுக்கிப் புடிக்கிறாப்பல தெச்சிருக்கோம். உங்க காலு அதுக்குள்ள ஆடும். முறிஞ்சா இன்னா பண்ணுவீங்க?”

“கோல் கீப்பர்தான? சும்மா நிக்கிற வேல.”

“நிக்கிறதுக்கு எவன் பர்மனென்ட் குடுப்பான்?”

“பத்து வருஷமா ஓடி ஓடித் தோல் வெட்றனே, அதுக்கு எவன் குடுத்தான்?”

அன்றைக்கும் குழம்பில் உப்பு ஜாஸ்தி.

ஐஸ் இல்லாததால் பூட்ஸுக்கு அடியில், பனியில் சறுக்க வைக்கிற கத்திக்குப் பதில் லேத் பட்டறையில் சக்கரம் வைத்தார்கள். இந்த ஆட்டத்தில் பந்து கிடையாது, வட்டுதான் என்று யாரோ படத்தில் பார்த்துச் சொல்ல, சோல் தோலை வட்டமாக வெட்டி அடுக்கி ஒட்டினார்கள். லைனிங் துணியில் ஜெர்சி. தோல் காயப்போடும் சிமெண்டுத் தளம் மைதானம். ஒத்திகைக்காக ராணிப்பேட்டையிலிருந்து இன்னொரு கம்பெனி ஆட்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் கேன்வாஸ் ஷூவோடு வந்து, சக்கரமெல்லாம் மாட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டுக் காலாலேயே ஓடி, நிற்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த எங்கள் வீரர்களைச் சுற்றிச் சுற்றி வந்து கோல் போட்டார்கள். அதில் ஒருவன் அப்பாவைப் பார்த்து, “இன்னா தோஸ்த், பிரேக் வெக்க மறந்துட்டாங்களா?” என்றான். கோல் கம்பத்தைப் பிடித்திருந்த கையை எடுக்காமலே அப்பா மறுகையால் அவனுக்குச் சலாம் வைத்தார். எனக்கு அவர் உலகத்திலேயே சிறந்த கோல் கீப்பராகத் தெரிந்தார். விளையாட்டைப் பற்றிய என் அறிவு அதற்குப் பிறகும் வளரவில்லை.

பையர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கைதட்ட ஆள் வேண்டுமென்று குடும்பங்களையும் வரச்சொல்லியிருந்தார்கள். எங்கள் வீரர்களே இரண்டாகப் பிரிந்து ஆடினார்கள். வட்டு அப்பாவை நோக்கி வந்தது. அதுவரை எதையும் தடுத்திராத அப்பா, என்ன தோன்றியதோ, கம்பத்தை விட்டுவிட்டு முன்னால் பாய்ந்தார். வட்டைத் தடுத்தும் விட்டார். வலது கால் மட்டும் பூட்ஸுக்குள்ளேயே வேறு பக்கம் திரும்பியது. காய்ந்த தோலை மடித்தால் வருகிற சத்தம் கேட்டது.

பையர்தான் முதலில் ஓடிவந்து பூட்ஸைக் கழற்றப் பார்த்தார். அப்பா இரண்டு கையாலும் பூட்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “வேணாம் சார், வேணாம் சார்” என்று கெஞ்சினார். மேனேஜர் வந்து கையை விலக்கி உருவினார். காலோடு ஃபோம் துண்டுகளும் வெளியே வந்தன.

“ஏழாய்யா நீ?” என்றார் மேனேஜர்.

பிறகு பையரிடம் ஆங்கிலத்தில் நிறையப் பேசினார். பூட்ஸில் குற்றமில்லை, காலில்தான் குற்றம் என்று விளக்கியிருக்க வேண்டும். பையர் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார். ஆர்டர் கிடைத்துவிட்டது. அணிக்கு வேலை முடிந்தது. பர்மனென்ட் பேச்சும் அதோடு முடிந்தது.

கம்பெனி வேனிலேயே எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். முன் சீட்டிலிருந்து மேனேஜர் திரும்பினார். “கம்பெனில அடிபட்டுச்சுன்னு எழுதினா விசாரணை அது இதுன்னு பேஜாரு. சைக்கிள்ல இருந்து வுழுந்ததா இருக்கட்டும்.” மேனேஜர் அம்மாவைப் பார்த்து, “நீயும் நம்ம கம்பெனி மிஷின்லதானம்மா உக்கார்ற?” என்றார்.

“ஆமா சார்,” என்றாள் அம்மா.

அத்தனை பெரிய மனிதர் அம்மாவின் வேலையை ஞாபகம் வைத்து விசாரிக்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, “சைக்கிள்ல போறப்போ வுழுந்துட்டாருங்க” என்று அம்மாவே முந்திக்கொண்டாள். அவ்வளவு நல்ல கோலைத் தடுத்த மனிதரைச் சைக்கிளில் விழுந்தவர் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? “இல்ல டாக்டர், எங்கப்பா ஐஸ் ஆக்கி ஆடி வுழுந்தாரு” என்றேன்.

அம்மா என் தோளை அழுத்தினாள். டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “ஐஸ் ஆக்கியா? ஆம்பூர்லயா?” என்று கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். மேனேஜரும் சேர்ந்து சிரித்து, “பாப்பா பெரிய ஆளா வரும்” என்று என் கன்னத்தைத் தட்டினார். டாக்டர் சைக்கிள் என்றே எழுதிக்கொண்டார்.

அப்பாவும் அவர்களைப் பார்த்துச் சிரித்தார். வலி குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.