சரிவில் கட்டிய வெள்ளி நூல்

பருத்தி நூலுக்கு வெள்ளி பூசுகிறவனுக்கு வேலையில் பாதி கழுவுவதுதான். நூலைச் சலவைச் சோடாவில் அவித்து, பசை போக அலசி, வெள்ளிக் கரைசலில் முக்கி, மறுபடியும் அலச வேண்டும். பிறகு அதில் கம்பியில் ஓடுவதுபோல மின்சாரம் ஓடும். நுவரெலியாக் குளிரில் கையுறையைக் கழற்றாமல் ஃபோனைத் தடவ விரும்புகிறவர்களுக்கு, கையுறை விரல் நுனியில் தைக்க இந்த நூல் போகிறது. கொட்டகலையில் என் வீட்டுப் பின்பக்கம், நூலைக் கெடுத்துக் கெடுத்தே இதைப் படித்தேன். இரசாயனத்தோடு மாரடிக்கிறவர்களுக்கு இது புதிதாக இராது.

கறுத்த விரல்

கரைசல் பட்ட தோல் கறுத்துவிடும். எந்தச் சோப்புக்கும் போகாது. அலசும் வேலையை என் மனைவி பார்த்தாள். அவளைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போனபோதும் அவள் விரல்கள் கறுப்பாகத்தான் இருந்தன. கருமாதிச் சாப்பாட்டில் பக்கத்து இலைக்காரர் கறுத்திருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, அண்ணி போனதும் கை கழுவுறதையும் விட்டுட்டீங்களா?"

கம்பி வேண்டாம்

பூண்டுலோயாப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து தொழிற்சங்கத் தலைவர் வந்தார். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு மேலே சரிவில் மண் வெடித்திருந்தது. தோட்ட நிர்வாகத்திடம் வேறு இடம் கேட்டு அலுத்துப்போயிருந்தார்கள். வெடிப்பின் இரு கரையிலும் முளை அடித்து, குறுக்கே என் நூலை விறைப்பாகக் கட்டினால், மண் நகரும்போது நூல் அறும். மின்சாரம் நின்று லயத்தில் மணி அடிக்கும். அதுதான் அவருடைய யோசனை. செப்புக் கம்பி இதைவிட மலிவாயிற்றே என்று கேட்டேன்.

"கம்பி ரெண்டு நாள்ல பழைய இரும்புக் கடைக்குப் போயிருதுங்க. நூல எவன் திருடுவான்?"

ஆடு அடித்த மணி

மணி அடிக்கத்தான் செய்தது. நூலை முதலில் அறுத்தது ஓர் ஆடு, அப்புறம் காட்டுப்பன்றி, மறுபடியும் ஆடு. ஒவ்வொரு தடவையும் லயமே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மழையில் கோயிலுக்கு ஓடியது. லயத்தின் கடைசி வீடான காம்பராவில் பொன்னுத்தாயியின் புருஷன் படுத்த படுக்கை. நாலு பேர் அவரைச் சாக்கில் கிடத்தித் தூக்கினார்கள். அவர் வலியில் கத்தினார். அறுந்தால் மாற்றிக் கட்ட ஒரு நூல்கண்டு கொடுக்கப் போனபோது பொன்னுத்தாயி என்னை மறித்து அதை வாங்கிக்கொண்டாள்.

"ஆட்டுக்கெல்லாம் இவரத் தூக்கிக்கிட்டு ஓட முடியாது சாமி. மண்ணு வந்தா மட்டும் அடிக்கச் சொல்லுங்க."

நிம்மதி

அதன்பிறகு பல மாதம் புகாரே வரவில்லை. ஆடுகளுக்குப் பழகிவிட்டது போலும் என்று நினைத்தேன். தலைவரே ஒருநாள் ஃபோனில் கூப்பிட்டார்.

"இப்ப அடிக்கிறதே இல்லீங்க. நல்லா வேல செய்யுது."

பின்னல்

அடுத்த பெருமழையில், எல்லோரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்த ஒரு பகலில், சரிவு இறங்கியது. கடைசிக் காம்பரா மண்ணுக்குள் போனது. உள்ளே பொன்னுத்தாயியின் புருஷன் மட்டும் இருந்தார். மணி அடிக்கவில்லை. அடித்திருந்தால், பக்கத்து மலையிலிருந்து ஆட்கள் ஓடி வந்திருப்பார்கள்.

நான் போனபோது சேற்றிலிருந்து நூலை இழுத்தெடுத்திருந்தார்கள். அது என் ஒற்றை நூல் அல்ல. மூன்று புரியாக, தலைமுடிபோல இறுக்கிப் பின்னியிருந்தது. மண் நகர்ந்தபோது ஈரத்தில் முளைதான் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. இரு முனையிலும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். மின்சாரம் ஓடியது. பொன்னுத்தாயி அழவில்லை. பின்னலை என் கையிலிருந்து வாங்கி, ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"ஆடு அறுக்காம இருக்கட்டும்னு நாந்தான் பின்னுனேன். பாருங்க, இப்பவும் அறல."

இத்தனை வருடமும் அறாத நூல் கேட்டு வந்தவர்களுக்கே விற்றுப் பழகிய எனக்கு, அற வேண்டிய நூலை என்ன சொல்லிக் கொடுப்பது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.