முப்பது விநாடியில் பன்னிரண்டு

திரைக்காரம்மாவின் இரண்டு கைகளும் ஜன்னல் திரைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தன. விரலிடுக்கில் துணி, உதட்டிடுக்கில் நான்கு குண்டூசி. அந்த நேரம் பார்த்து அவள் வீட்டுக்காரர் அளவு நாடாவை அவள் உச்சந்தலையில் வைத்துக் குதிகால்வரை இழுத்தார். பிறகு தோளுக்குத் தோள். பிறகு வயிற்றிலிருந்து முதுகுக்கு.

வாயில் ஊசி இருந்ததால் உடனே கேட்க முடியவில்லை. மடிப்பை முடித்துவிட்டுக் கேட்டாள்.

"என்னங்க பண்றீங்க?"

"நீளம், அகலம், உயரம். அது தெரியாம எப்படி பேக் பண்றது?"

"எதை?"

"உன்னைத்தான்."

அவர் கண்ணாடித் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் பேக்கிங் பிரிவில் மேஸ்திரியாக இருந்தவர். தெருவே அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடும். அத்தனை வருஷத்தில் அவர் கைபட்டு உடைந்தவை ஏழே ஏழு டம்ளர்கள். எந்தக் கிழமை, யார் பேச்சுக் கொடுத்ததால் உடைந்தது என்பதுவரை சொல்வார்.

அவளுக்கு அறுபத்திரண்டு வயது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஜன்னலை அழுத்திச் சாத்தியதில் மணிக்கட்டில் விரிசல் விழுந்தது. கட்டுப் பிரித்ததும் ஸ்கேன் எடுத்தார்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவது உண்டு, இவளுக்கு அது எலும்புப்புரை என்கிற அளவுக்குப் போய்விட்டது, மாத்திரை சாப்பிட வேண்டும், உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று டாக்டர் கால்மணி நேரம் சொன்னார். கிளம்பும்போது வாசலில் வைத்து, "கண்ணாடி மாதிரி பார்த்துக்குங்க" என்றார். மேஸ்திரியின் காதில் ஏறியது அந்த ஒரு வார்த்தைதான்.

ஒரே வாரத்தில் சட்டை தயாராகிவிட்டது. இரண்டு அடுக்கு ஸ்பாஞ்ச், இடுப்பைச் சுற்றி அட்டை, அதன்மேல் நான்கு வார்ப்பட்டை, முதுகில் மேல்நோக்கிய அம்புக்குறி. அவளுக்கு மாட்டுவதற்கு முன் மேஸ்திரி முறைப்படி சோதனை செய்தார். சட்டைக்குள் பன்னிரண்டு டம்ளர்களை வைத்துக் கட்டி, மாடிப்படியின் உச்சியிலிருந்து உருட்டிவிட்டார். பதினாலு படியும் உருண்டு வந்தது. அவிழ்த்துப் பார்த்தால் ஒன்றுகூட உடையவில்லை.

"பார்த்தியா? கீறல்கூட இல்ல."

"டம்ளருக்கு மூச்சு வாங்காது. எனக்கு வாங்கும்."

அதோடு விட்டாரா? மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். உடையும் சரக்கு தரைத்தளத்தை விட்டு ஏறக்கூடாது என்பது தொழிற்சாலை விதி. அவளுடைய பன்னிரண்டு அடி வெட்டுமேசை இருந்ததோ மாடியில். அது கீழே வராது. சுவரைக் கட்டுவதற்கு முன்பே உள்ளே வைத்த மேசை. நாடக அரங்கத்துக்கு எட்டுப் பெரிய திரைகள் தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். கொடுக்க மூன்று மாதம் தவணை. சின்ன ஜன்னல் திரைகளை மடியில் வைத்துத் தைக்கலாம், அரங்கத் திரையை மடியில் வைத்து என்ன செய்வது? மாடி இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் நாள் முழுக்க மேஸ்திரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

சட்டையோடு ஒருநாள் கடைத்தெருவுக்குப் போனாள். கைகள் இரண்டும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றன. பார்சல் வண்டிக்காரர் வண்டியை நிறுத்தி, கூட வந்த மேஸ்திரியைக் கேட்டார்:

"ஐயா, இதை எங்க இறக்கணும்?"

"இது என் சம்சாரம்."

"சரிங்க, முகவரி சொல்லுங்க."

அந்தச் சட்டைக்குள் இருந்தால் தன் பாதமே தெரியாது. அதுவரை ஒருமுறைகூட விழாதவள், அன்று மூன்று இடத்தில் விழப் பார்த்தாள்.

மறு பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் அவர்களைப் பயிற்சி அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த உடற்பயிற்சி நிபுணர் ஒரு குண்டுப் பெண்மணி, கண்டிப்பானவள். சட்டையைப் பார்த்தும் சிரிக்கவில்லை. கேள்வித்தாளை எடுத்தாள்.

"போன வாரம் முதுகு வலி இருந்துதா?"

"இருக்காது. முதுகுல ரெண்டு அடுக்கு கொடுத்திருக்கேன்" என்றார் மேஸ்திரி.

"வீட்டு வேலையெல்லாம் செய்ய முடியுதா?"

"அசைய விடறதில்ல."

"மனசு சந்தோஷமா இருக்கா?"

மேஸ்திரி யோசித்தார். "சேதாரம் ஒண்ணும் இல்ல."

"நான் இவங்களைக் கேட்டேன்" என்றாள் நிபுணர்.

"மாடிக்குப் போகணும்" என்றாள் திரைக்காரம்மா. "அதுக்கு எந்தக் கட்டத்துல டிக் போடணும்?"

நிபுணர் சட்டையைக் கழற்றச் சொன்னாள். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, முப்பது விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினாள். எட்டு.

"பொத்தி வச்சா எலும்பு இன்னும் கரையும் ஐயா. வேலை கொடுத்தாத்தான் தங்கும். காலுக்குப் பலம் வந்தா விழ மாட்டாங்க. ஆறு வாரத்துல பன்னிரண்டு எடுக்கட்டும், படி ஏறலாம்னு நானே எழுதித் தரேன்."

"கையெழுத்தும் முத்திரையும் உண்டா?"

"உண்டு."

காகிதம் என்றதும் மேஸ்திரி தலையாட்டினார். மறுநாளே சுவரில் அட்டவணை ஒட்டினார். காலையில் நாற்காலி, பத்து மணிக்குச் சுவரைத் தள்ளுதல், மாலையில் குதிகாலை உயர்த்தி நிற்பது, சமையல் மேடையைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது. குனிந்து முறுக்கும் பயிற்சி கூடாது என்று நிபுணர் சொன்னதைச் சிவப்பில் எழுதினார். பழைய வேலை திரும்பக் கிடைத்ததுபோல மனிதருக்கு ஒரே குஷி. கடிகாரமும் விசிலுமாக நின்றுவிட்டார்.

"ஒம்பது... இது செல்லாது. முழுசா நிமிரல. தள்ளுபடி."

"யோவ், நான் டம்ளரா?"

"டம்ளர் எதிர்த்துப் பேசாது. எட்டுலேருந்து எடு."

தெருப் பெண்கள் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாவது வாரம் முட்டி வலித்தது. நிபுணரைக் கேட்டு நாற்காலியில் ஒரு திண்டு போட்டு உயர்த்திக்கொண்டாள். ஐந்தாவது வாரம் திண்டை எடுத்தாள். பால் பாத்திரத்தை ஒரு கையால் தூக்கினாள். இரவு நன்றாகத் தூங்கினாள். மேஸ்திரியைத் திட்டும் குரலிலும் தெம்பு ஏறியிருந்தது.

ஆறாவது வாரம் நிபுணர் விநாடிமுள்ளைப் பார்த்தாள். மேஸ்திரி விரல்விட்டு எண்ணினார். பதினொன்றில் அவள் திணறினாள். எழுந்தாள். பன்னிரண்டு. முப்பது விநாடி முடியுமுன் இன்னொன்று.

"பதிமூணாவது அரைகுறை" என்றார் மேஸ்திரி.

"பன்னிரண்டு போதும்." நிபுணர் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினாள். "கைப்பிடியைப் பிடிச்சு ஏறணும். ஐயா, நீங்களும் ஒருதடவை உட்காருங்க."

"நான் எதுக்கு? நான் கெட்டிச் சரக்கு."

உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டு நான்கு தடவை எழுந்தார். ஐந்தாவதில் பாதிவரை வந்து, அங்கேயே யோசனையில் ஆழ்ந்தவர்போல் நின்றார். அதன்பின் நாற்காலி அவரைத் திரும்ப வாங்கிக்கொண்டது. திரைக்காரம்மா சிரிக்கவில்லை. அவர் அரைஞாணில் கைவிட்டுச் சாவியை அவிழ்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் மாடிக் கதவைத் திறந்தாள். முதல் திரைக்கான துணிச் சுருளை முழுசாகத் தூக்கவில்லை. மேலே சேர்த்துத் தைத்துக்கொள்ளும்படி ஆறு பாகமாகக் கீழேயே வெட்டி, ஒரு கையில் துணியும் மறு கையில் கைப்பிடியுமாக ஆறு தடவை ஏறி இறங்கினாள். மேஸ்திரி கீழே நாற்காலியில் எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். கடைசித் தடவை ஏறும்போது அவர் ஐந்து என்றார். அவள் படியில் நின்று பார்த்தாள்.

"முழுசா நிமிரல" என்று சொல்லிவிட்டு, மேலே போய் முதல் திரையை மேசைமேல் விரித்தாள்.